வெள்ளையனுக்குப் பத்து நாள்

ஐப்பசி 9, வெள்ளி

காலையிலிருந்து தூறல். விறகு ஈரம். அடுப்பு புகைந்துகொண்டே இருக்கிறது.

இது பேத்தி மல்லிகாவின் பழைய பூகோள நோட்டு. பின்பக்கம் காலி. நாய் தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று தினம் பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லி அரியலூர் ஆஸ்பத்திரி டாக்டர் உத்தரவு. மகன் ராசேந்திரன் ஷிப்டுக்குப் போகிறவன். மருமகள் பூங்கொடிக்கு அடுப்படி. மிச்சம் நான். மூன்றாம் வகுப்பு வரை படிப்பு, மற்ற எழுத்தெல்லாம் பஸ் போர்டு பார்த்துப் பிடித்தது. போதும்.

நேற்று அவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, பதினாறாம் நாள் காரியம். செத்தவர் துணிமணியை அன்றைக்கே வீட்டை விட்டு அனுப்பிவிட வேண்டும். நான் செய்திருப்பேன். பூங்கொடியின் அம்மா, ஆண்டிமடத்துச் சம்பந்தி, யாரும் கேட்காமல் தாழ்வாரத்துக்குப் போய், அவர் கயிற்றுக் கட்டிலில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்தாள். துண்டின் மறுமுனை கட்டிலுக்கு அடியில். அதன்மேல் வெள்ளையன். இடது கையைக் கவ்விவிட்டது. இரண்டு பல் பதிந்தது.

ஒன்பது வருஷத்தில் அது யாரையும் கடித்ததில்லை. கடித்த அன்றைக்கும் ஆள் பார்த்துத்தான் கடித்திருக்கிறது.

டாக்டர் சொன்னது அப்படியே: "நாயை அடிச்சுடாதீங்க. கட்டிப் போட்டுப் பத்து நாள் பாருங்க. நல்லா தின்னுக்கிட்டு இருந்தா பயமில்ல. செத்துப்போச்சு, காணாப்போச்சு, சோறு தண்ணி எறங்கலன்னா ஒடனே கூட்டியாங்க. தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி."

பதினாலு என்றதும் சம்பந்தி முகம் சுருங்கிப் போனது. பார்த்தேன்.

டாக்டரிடம் ஒன்று சொல்லவில்லை. அவர் செத்த நாளிலிருந்தே இது வீட்டுச் சோற்றைத் தொடுவதில்லை. வெளியே போய் எதையோ தின்றுவிட்டு வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். இப்போது கட்டிப் போட்டாகிவிட்டது. இனி வெளியும் இல்லை.

சோறு: தொடவில்லை.
தண்ணீர்: நாலு நக்கு.

ஐப்பசி 10, சனி

மழை. மாட்டுக் கயிற்றில் தூணோடு கட்டியிருக்கிறது. கட்டின நாளே கிடையாது அதற்கு. இழுக்கவும் இல்லை. அவர் துண்டின்மேல் தலையை வைத்துப் படுத்திருக்கிறது. துண்டை எடுக்க இப்போது யாருக்கும் தைரியம் இல்லை. கட்டிலையும் வெளியே போடவில்லை.

பதினொரு மணி பஸ்ஸில் சம்பந்தி வந்து இறங்கினாள். கையில் கட்டு. தோளில் பை. பையில் நாலு சேலை. எண்ணிவிட்டேன்.

"பத்து நாளும் இங்கதான் இருப்பேன்" என்றாள்.

"ஏன், நாங்க பாத்துக்க மாட்டமா?"

"நீங்க பாத்துக்குவீங்க சம்பந்தி. அது செத்துப்போனா எனக்குச் சொல்லணுமே. நல்ல குழியா வெட்டிப் பொதச்சுட்டு, நாய் நல்லா இருக்குன்னு எழுதிப் போட்டுட்டீங்கன்னா?"

பூங்கொடி நடுவில் வந்து, "அம்மா, போதும்மா" என்றாள்.

இவளைப் பற்றி எனக்குத் தெரியும். பதினாலு வருஷத்துக்கு முன், ராசேந்திரன் கல்யாணம். மூன்றாம் பந்தி. இவள் கத்தரிப்பூச் சேலை. வலது ஓரம் நாலாவது இலை. சோற்றை வாயில் வைத்ததும் ஒரு கல்லை எடுத்து இலை ஓரத்தில் வைத்து, "சுண்ணாம்புக்கல்லு ஊருன்னாங்க, சோத்துலயுமா" என்றாள். பந்தி முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார்.

இன்றைக்கு அரிசியை மூன்று தடவை அரித்தேன். அவள் கண்ணுக்கு எதிரிலேயே.

சோறு: இல்லை. தயிர் விட்டுப் பிசைந்ததும் இல்லை.
தண்ணீர்: கொஞ்சம்.

ஐப்பசி 11, ஞாயிறு

மழை விட்டது. ஈரத் துணி எல்லாம் ஒரு வாடை.

வைத்துப் பார்த்தவை: கருவாட்டுக் குழம்புச் சோறு. பால். முட்டை. டீக்கடைப் பொறை, பாலில் நனைத்து. எல்லாவற்றையும் மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எல்லோரும் அதனிடம் குழந்தையிடம் பேசுவது போலப் பேசுகிறார்கள். "தின்னுடா ராசா", "ஒரு வாய்டா தங்கம்". மல்லிகா ஊட்டிவிடப் போனாள். கிட்டே போகாதே என்று தள்ளி நிறுத்தினேன். சம்பந்தி எட்ட நின்று, கடிபட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "வெள்ளையா, உனக்குப் புண்ணியமாப் போவுதுய்யா" என்கிறாள்.

வெள்ளையன் என்று பெயரே தவிர, நாய் செம்பட்டை நிறம். காரணம் இருக்கிறது.

அவருக்குச் சுண்ணாம்புக்கல் குவாரியில் கொடி பிடிக்கிற வேலை. பாறைக்கு வெடிமருந்து வைத்தபின் சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்து, விசில் ஊதி, ஆள் மாடு எல்லாவற்றையும் விலக்க வேண்டும். வெடித்து முடிகிறவரை கொடிக்காரர் இடத்தை விட்டு அசையக் கூடாது. ஒரு நாள், விசில் ஊதின பிறகு, பள்ளத்துக்குள் ஒரு குட்டி. அவர் கொடியைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டார். மேஸ்திரி கத்தியிருக்கிறார். திரி பற்ற வைக்கப் போனவன் நின்றுவிட்டான். துண்டில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். குட்டி முழுக்கச் சுண்ணாம்புத் தூள். வெள்ளையன் என்றார். குளிப்பாட்டின பிறகு பார்த்தால் செம்பட்டை. பெயரை மாற்றவில்லை.

அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "கொடியைப் போட்டுட்டு எறங்கிட்டேன்" என்றார்.

"இத எதுக்கு என்கிட்ட சொல்றீங்க" என்றேன்.

கால் கழுவப் போய்விட்டார்.

எதற்கு என்று எனக்குத் தெரியாதா. அதற்கு இருபத்திரண்டு வருஷம் முன், சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை, எனக்கு இரண்டாம் பிரசவம். குறைமாதம். மருத்துவச்சி ஆள் அனுப்பினாள். கொடியை விட்டு வர முடியாது என்று சொல்லியனுப்பினார். வெடி வெடித்தது, எனக்குக் கேட்டது. பெண் பிள்ளை. ஒரே ஒரு தடவை அழுதது. அவர் வந்தபோது துணி போட்டு மூடியிருந்தது. "கொடிய உட்டுட்டு எப்புடி வர்றது" என்று கேட்டார்.

நாய்க்குட்டிக்குக் கொடியை விட்டார்.

அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போனபோதும் வரவில்லை. ஊர்ப் பெண்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சோறு: இல்லை.
தண்ணீர்: காலை, மாலை.

ஐப்பசி 12, திங்கள்

வெயில். அரிசி காயப் போட்டேன்.

சம்பந்தியின் அண்ணன் ஆண்டிமடத்திலிருந்து வந்தார். கையில் சவுக்குக் கழி. வாசலிலேயே நின்றுகொண்டு, "எங்க அந்த நாயி? ஒரே அடி. முடிச்சுட்டு நேரா ஆஸ்பத்திரி போயி ஊசியப் போட்டுக்கிட்டு வா, பாப்பா" என்றார் தங்கையிடம்.

நான் எழுந்திருக்கும் முன்னே சம்பந்தி எழுந்துவிட்டாள்.

"ஊசி உன் தொப்புள்லயா போடறாங்க?" என்றாள். "அது உசுரோட இருந்தாத்தான் நான் தப்பிச்சேன். அத அடிச்சீன்னா பதினாலும் எனக்கு. கழியக் கீழ போடு."

"நாலு நாளா திங்காத நாயி எத்தன நாளு கெடக்கும்?"

"கெடக்கற வரைக்கும் கெடக்கட்டும். நீ காப்பி குடிச்சுட்டுக் கெளம்பு."

இவள் சின்ன வயதில், பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஊசி போட்டதைப் பார்த்தவளாம். பதினாலும் முடிந்தபோது அவன் குனிந்து வேட்டி கட்ட முடியாமல் இருந்தானாம். பூங்கொடி சொன்னாள்.

கழி இப்போது எங்கள் வீட்டு மூலையில். துணி காயப் போடக் கொடி கட்ட உதவும்.

சோறு: இல்லை.
தண்ணீர்: குடித்தது. சம்பந்தி எட்டிப் பார்த்து, குடித்ததை மூன்று தடவை எனக்குச் சொன்னாள்.

ஐப்பசி 13, செவ்வாய்

மறுபடி மூட்டம்.

ராசேந்திரன் காலை ஷிப்டு முடித்து வந்தவன் எதையோ நினைத்துக்கொண்டு பரணில் தேடினான். அவர் விசில் கிடைத்தது. வெடித்து முடிந்தபின் ஒரு நீள விசில் ஊதுவார், எல்லோரும் வரலாம் என்று. வேலையை விட்டு நின்ற பிறகும், சாயங்காலம் வாசலில் நின்று அதே மாதிரி ஊதினால் இது எங்கே இருந்தாலும் ஓடி வரும்.

அவன் ஊதினான்.

நாய் எழுந்துவிட்டது. ஐந்து நாளில் முதல் தடவை. வால் ஒரு தடவை ஆடியது. கயிறு போகிற மட்டும் வாசல் பக்கம் போய் நின்றது. காதைத் தூக்கிக்கொண்டு. நாங்கள் சட்டியை முன்னால் வைத்தோம். சட்டியைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்தது. மழை வந்தது. சாரலில் நின்றது. விளக்கு வைக்கிற நேரம் வரை நின்றுவிட்டு, திரும்பி வந்து துண்டின்மேல் விழுந்தது.

மல்லிகா அழுதாள். பூங்கொடி அழுதாள். சம்பந்திகூட மூக்கை உறிஞ்சினாள். ராசேந்திரன் கொல்லைப் பக்கம் போய்விட்டான்.

"இனிமே அத ஊதாதே" என்றேன் அவனிடம். விசிலை அரிசிப் பானைக்குள் போட்டேன்.



சோறு: இல்லை.
தண்ணீர்: இல்லை.

ஐப்பசி 14, புதன்

ராசேந்திரன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கு வந்து எட்ட நின்று பார்த்துவிட்டு, வாய் கோணவில்லை, எச்சில் வடியவில்லை, ஏக்கமாக இருக்கும், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர், நாளைக்குள் தின்னவில்லை என்றால் வெள்ளிக்கிழமை முதல் ஊசி என்றார்.

சம்பந்தி மத்தியானம் படுத்துவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பி. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு.

வீட்டில் பேச்சே இல்லை. வட்டில் வைக்கிற சத்தம்தான். அவர் இருந்தபோது நாங்கள் சண்டை போடாமல் சாப்பிட்ட வேளை கிடையாது. சோறு குழைந்துவிட்டது என்பார். பல் இருக்கிறவங்களுக்குத் தனியா வடிக்கிறேன் என்பேன். அவர் ஒன்று சொல்ல, நான் இரண்டு சொல்ல, கடைசிப் பிடியைத் தின்னாமல் எழுந்து நாய்ச் சட்டியில் போடுவார். எனக்கு ஒரு நாளும் மிச்சம் வைத்தவர் இல்லை. கடைசி நாளும் அப்படித்தான். ரசத்தில் உப்பு இல்லை என்றார். உப்பு இருந்தது. அவர் நாக்குதான் போயிருந்தது. நான் சொல்லவும் சொன்னேன். கடைசிப் பிடியை நாய்க்குப் போட்டார். கட்டிலில் சாய்ந்தார். நான் வட்டில் கழுவிவிட்டு வந்து பார்த்தேன்.

சோறு: இல்லை.
தண்ணீர்: கொஞ்சம்.

ஐப்பசி 15, வியாழன்

வெயில் மழை இரண்டும் இல்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம். தாழ்வாரத்தில் நானும் சம்பந்தியும். நாய்ச் சட்டியில் சோறும் குழம்பும் கிடந்தது, காலையிலிருந்து. நான் வட்டிலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சம்பந்தி ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

"சோறு கொழஞ்சு போச்சு" என்றாள். யாரையும் குறை சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலத்தான் சொன்னாள்.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை.

"கல்லு இருக்கான்னும் பாத்துக்குங்க" என்றேன். குரல் எங்கிருந்தோ வந்தது. "பதினாலு வருசமா அரிச்சுக்கிட்டு இருக்கேன், உங்களுக்காவ. மூணாம் பந்தி, நாலாவது எலை. நான் மறந்துட்டன்னு நெனச்சீங்களா?"

அவள் கையில் சோறோடு பார்த்தாள். "எந்தப் பந்தி? எந்தக் கல்லு?"

"அதுவும் மறந்து போச்சா? ஊரே சிரிச்சுது."

"வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன். நீங்க மட்டும் என்ன? எங்க வூட்டுக்காரரு செத்தப்ப வந்தீங்க. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பொட்டி மாதிரி உக்காந்துட்டு எந்திரிச்சுப் போனீங்க. ஒம்பது வருசமா எனக்கு அது வயித்துல கெடக்கு. இப்பத்தான தெரியுது, சொந்தப் புருசனுக்கே அழாதவங்க எம் புருசனுக்கா அழப்போறீங்க."

"எதுக்கு அழுவணும்? எம் புள்ள பொறந்து சாவறப்ப கொடியப் புடிச்சுக்கிட்டு நின்ன மனுசன். நாய்க்குட்டிக்குக் கொடியக் கீழ போட்டாரு. எம் புள்ள அந்த நாயிக்குக் கொறஞ்சு போச்சா?"

"அத அவருகிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல."

"முப்பத்தோரு வருசமா கேக்காம இப்ப என்கிட்ட எதுக்குக் கத்துறீங்க?"

"அவரு இல்லியே" என்றேன்.

பூங்கொடி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். தெருவில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. அப்போது மல்லிகா என் சேலையைப் பிடித்து, "அப்பாயி, அங்க பாரு" என்றாள்.

வெள்ளையன் தின்றுகொண்டிருந்தது. சட்டிக்குள் முகம். நக்குகிற சத்தம்.

நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். அதுவும் நிறுத்தியது. தலையைத் தூக்கி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

சம்பந்தி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நிறுத்தாதீங்க சம்பந்தி. திட்டுங்க."

"என்னன்னு திட்ட?"

"என்ன வேணா திட்டுங்க. உங்களுக்கா பஞ்சம்?"

திட்டினேன். கல்யாணத்துக்கு வந்த சீர்த் தட்டில் மூன்றாவது தட்டு முறுக்கு நமத்துப் போயிருந்ததைச் சொன்னேன். அவள், பேத்தி பிறந்ததற்கு நாங்கள் ஒன்பதாம் நாள்தான் ஆண்டிமடம் போனோம் என்றாள். நான் அன்றைக்குப் பஸ் ஸ்டிரைக் என்றேன். நடந்து வந்திருக்கலாமே என்றாள். நாய் சட்டியின் அடியை நக்கி, சட்டி தாழ்வாரம் முழுக்க உருண்டது.

எல்லோரும் தப்புச் செய்துகொண்டிருந்தோம். ராசா, தங்கம் என்று அதற்கு இந்த வீட்டில் யாரும் சோறு போட்டதில்லை. சண்டைச் சத்தத்தில்தான் ஒன்பது வருஷமும் தின்றது. சண்டை நின்ற வீட்டில் அதற்கு எது சாப்பாட்டு வேளை என்று எப்படித் தெரியும்.

சோறு: தின்றது. முழுச் சட்டி.
தண்ணீர்: குடித்தது.

ஐப்பசி 16, வெள்ளி

முதல் ஊசி போட வேண்டிய நாள். ராசேந்திரன் போய், நாய் தின்கிறது என்று சொன்னான். சரி, பத்து நாளும் முடியட்டும் என்றாராம் டாக்டர். எப்படித் தின்ன வைத்தீர்கள் என்று கேட்டாராம். இவன் வெட்கப்பட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

காலைச் சண்டை: பூங்கொடியின் வளைகாப்பில் யார் யாரை முதலில் கூப்பிடவில்லை.
மத்தியானச் சண்டை: ஆண்டிமடத்திலிருந்து அனுப்பின முந்திரியில் பாதி சொத்தை.
"சொத்தையா? நான் ஒவ்வொண்ணா ஒடச்சது" என்று விரல்களை நீட்டினாள். பத்து விரல் நுனியும் கறுப்பு. முந்திரிக்கொட்டைப் பால் பட்டுப் பட்டு வெந்த தோல். பதினாலு வருஷம் அந்த விரலை நான் பார்த்ததில்லை. பாதி சொத்தை இல்லை, கால்வாசி என்றேன்.

வெள்ளையன் இரண்டு வேளையும் தின்றது. சாயங்காலம் கயிற்றை இழுத்துப் பார்த்தது.

ஐப்பசி 17, சனி

நல்ல மழை. ஓடு ஒழுகுகிறது, இரண்டு இடம்.

சம்பந்தியிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. "நேத்து சொன்னதையே சொல்லட்டா?" என்கிறாள். என்னிடம் தீரவில்லை. ஆனால் சொல்லச் சொல்ல ஒன்று கவனித்தேன். ஒரு தடவை கத்திவிட்டதை மறுநாள் எடுத்தால் கனம் இல்லை. பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்குகிறது.

மத்தியானம் அவள், "நாய் தின்னுச்சா தின்னுச்சான்னு எழுதறீங்களே, நீங்க தின்னத எழுதலியே" என்றாள்.

"டாக்டரு நாயத்தான் எழுதச் சொன்னாரு."

"நான் வந்து எட்டு நாளாச்சு. உங்க வட்டில் சோறு எல்லாம் மாட்டுத் தொட்டிக்குத்தான் போவுது. நான் நாய மட்டும்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சீங்களா?"

இதற்கு நான் ஒன்றும் திட்டவில்லை. நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு தானே தின்றது.

ஐப்பசி 18, ஞாயிறு

பத்தாம் நாள்.

காலையில் ராசேந்திரனும் சம்பந்தியும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கை ஆறிவிட்டது. ஊசி வேண்டாம். கயிற்றை அவிழ்த்தேன். வெள்ளையன் வாசல் வரை போய், ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, திரும்பி வந்து கட்டிலுக்கு அடியில் படுத்தது. துண்டு அங்கேயே. கட்டிலை எடுத்துவிடலாமா என்றான் ராசேந்திரன். இருக்கட்டும் என்றேன்.

சம்பந்தி மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நாலு சேலையும் மடித்துப் பையில். வெள்ளையன் பக்கம் போய் நின்று, கொஞ்சம் யோசித்து, தொடாமலே, "வரேன்டா" என்றாள். அது வாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டியது.

பஸ் ஏறும்போது என்னிடம், "திட்டறதுக்கு ஆளு வேணும்னா ஒரு கார்டு போடுங்க. வந்துடறேன்" என்றாள்.

"நமத்த முறுக்கு கொண்டாராம வாங்க."

சாயங்காலம், விளக்கு வைக்கும் முன். ராசேந்திரன் ஷிப்டு. பூங்கொடியும் மல்லிகாவும் கடைக்கு. வீட்டில் சத்தம் இல்லை. சட்டியில் சோறு வைத்தேன். தின்னவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து என்னையே பார்த்தது.

என் வட்டிலில் சோறு போட்டுக்கொண்டு கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்தேன். ஒரு வாய் வைத்தேன். ரசத்தில் உப்பு இருந்தது. சொன்னேன், உப்பு இருக்கு பாருங்க என்று. கட்டிலைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாக. பிறகு முப்பத்தோரு வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். அன்னைக்குக் கொடியப் போட்டுட்டு வந்திருக்கலாம்ல. புள்ள அழுத சத்தத்தையாவது கேட்டிருப்பீங்கல்ல. என்கிட்ட வந்து சொன்னீங்களே குட்டியோட, அப்ப நான்தான் கேட்டிருக்கணுமா. ஒவ்வொன்றாகக் கேட்டேன். சோறு இறங்கியது. முகம் நனைந்திருந்தது. ஓட்டு ஒழுக்கல் அந்தப் பக்கம் இல்லை.

வெள்ளையன் வெளியே வந்து என் முழங்கால் பக்கத்தில் நின்றது.

தண்ணீர்: குடித்தது.
சோறு: நான் தின்றேன், கடைசிப் பிடி தவிர.
அது: கடைசிப் பிடி.